நூலகரின் பணி யாருக்காக?
இங்கிலாந்தில் நூலகங்கள் மூடப்படுவதை எதிர்க்கும் இயக்கம் ஊழியர்களின் சம்பளத்தைக் காக்கும் தொழிற்சங்கத் தன்னலமே என்றும், தன்னார்வலர்களே அவற்றை நடத்திவிடலாம் என்றும் கூறும் வாதம் சட்டத்தையும் நடப்பையும் ஒருங்கே மறக்கிறது. முழுமையும் திறனும் உடைய நூலகச் சேவையை அளிப்பது உள்ளாட்சியின் சட்டக் கடமை, அதாவது நிறைவேற்றியே தீரவேண்டிய பொறுப்பு என்று 1964ஆம் ஆண்டின் பொது நூலகங்கள், அருங்காட்சியகங்கள் சட்டம் விதிக்கிறது. 1900இல் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் திறந்துவைத்த லண்டன் கென்சல் ரைஸ் நூலகத்தை பிரெண்ட் உள்ளாட்சி மன்றம் 2011இல் மூடியபோது, மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை வழக்காடித் தோற்றவர்கள் அப்பகுதி மக்களே. தன்னார்வலர்களின் உழைப்பு மதிப்புக்குரியது. ஆயினும் வசதியும் ஓய்வும் உள்ளோர் வாழும் பகுதியில் எளிதாகக் கிடைக்கும் அவ்வுழைப்பு, இரண்டு வேலை பார்த்து வாடகை கட்டுவோர் மிகுந்த பகுதியில் கிடைப்பது அரிது என்பதால், நூலகம் மிகவும் தேவைப்படும் இடத்திலேயே அது முதலில் பூட்டப்படும்.