திருட்டு மட்டும்தான் குற்றமா?

வீட்டில் திருடன் புகுந்தால் தெருவே கூடும். எவனோ சாவித் துவாரத்தில் மெழுகை அடைத்துவிட்டுப் போனால், 'ஒண்ணும் களவு போகலையே, விடுங்க சார்' என்பார்கள். நாம் மழையில் வெளியே நிற்பது கணக்கில் வராது.

கம்ப்யூட்டர் பாதுகாப்பிலும் இதே மனோபாவம்தான். தகவல் கசிந்தால் தலைப்புச் செய்தி. சர்வர் ஸ்தம்பித்தால், 'வெறும் டினையல் ஆஃப் சர்வீஸ்தானே!'

வெறுமா? ஓப்பன் எஸ்எஸ்எல் என்கிற இலவச மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். இன்டர்நெட்டின் ரகசியப் பரிமாற்றத்தில் பெரும்பங்கு இதை நம்பி நடக்கிறது. கூகுளின் டேவிஸ் ஆர்மண்டி கண்டுபிடித்த ஓர் ஓட்டையை 2022 மார்ச்சில் அடைத்தார்கள். அடிப்படையில் பள்ளிக்கூடக் கணக்கு. ஓர் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு வர்க்கமூலம் காண்கிற முறை. வகுக்கும் எண் பகா எண்ணாக இருந்தால் விடை ஒழுங்காக வரும். இல்லையென்றால் சில சமயம் செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டே இருக்கும், கரண்ட் போகும் வரை.

விஷமி ஒருவன் அப்படியோர் எண்ணைப் பொதிந்து டிஜிட்டல் சான்றிதழ் அனுப்பினால் போதும். பாஸ்வேர்டு வேண்டாம். கையெழுத்து அசலா என்று பார்க்கும் முன்பே, பிரித்துப் படிக்கும்போதே புரோகிராம் மாட்டிக்கொள்ளும். எல்லா சர்வரும் அல்ல; வெளியாள் தரும் சான்றிதழை வாங்கிப் படிப்பவை எல்லாம். பரிகாரம்? 'இத்தனை சுற்றுக்கு மேல் போகாதே' என்கிற மாதிரி சில வரிகள். அவ்வளவுதான்!

அந்தச் சில வரிகளை முன்பே யார் கவனித்திருக்க வேண்டும்? இதை வைத்துக் கோடிகளில் புரளும் கம்பெனிகள்தான் என்பேன். 2014-ல் 'ஹார்ட்பிளீட்' ஓட்டை வெளியானபோது ஓப்பன் எஸ்எஸ்எல்லுக்கு முழுநேர ஊழியர் ஒரே ஒருவர். நேரடி நன்கொடை வருஷத்துக்குச் சுமார் 2,000 டாலர். மானம் போன பிறகுதான் பெரிய கம்பெனிகள் பர்ஸைத் திறந்தன. இது தர்மம் அல்ல, பராமரிப்புச் செலவு. லிஃப்ட்டுக்கு வருஷா வருஷம் கட்டுகிறோமே, அது போல.

திருடன் திறக்க முடியாதது பாதிப் பாதுகாப்பு. சொந்தக்காரன் திறக்க முடிவது மீதிப் பாதி. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் உறைந்து நிற்கையில், ரகசியம் பத்திரமாக இருப்பதால் நோயாளிக்கு என்ன பிரயோஜனம்?

அடுத்த முறை யாராவது 'தகவல் எதுவும் திருடு போகவில்லை' என்று பெருமையாக அறிக்கை விட்டால், ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'சரி ஐயா, எத்தனை மணி நேரம் கடை மூடியிருந்தது?'