தாய்லாந்துத் தீவில் நாம் எதைப் பார்க்கிறோம்?



ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் எனத் தொடரும் தொழிற்சாலைப் பகுதியில் வாழும் நம் குடும்பங்களின் பேச்சில் புக்கெட் தீவின் பெயர் இப்போது அடிக்கடி அடிபடுகிறது. இலக்கை எட்டியவர்களுக்கு நிறுவனங்கள் அளிக்கும் பரிசுப் பயணமாகவோ, ஆலை விடுமுறையில் நண்பர்கள் சேர்ந்து செல்லும் சுற்றுலாவாகவோ அது வந்து சேர்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு உடையோருக்குத் தாய்லாந்து 2023 நவம்பரில் விசா விலக்கு அளித்தபின் இந்த ஆவல் மேலும் கூடியிருக்கிறது.

இதற்கு நம்மிடையே இரண்டு வகை மறுமொழிகள் உண்டு. "அது பாவம் மலிந்த ஊர்; அங்கே போவதே தவறு" என்பது ஒன்று. "எல்லோரும் போகிறார்கள், போய் வந்தால் என்ன?" என்பது மற்றொன்று. இரண்டுமே புக்கெட் என்றால் இரவு விடுதிகள் நிறைந்த பதோங் கடற்கரைத் தெரு மட்டுமே என்று எண்ணிக்கொள்கின்றன. அந்த எண்ணத்தையே முதலில் கேள்விக்கு உட்படுத்த வேண்டும் என்பது என் கருத்து.

நம் பகுதிக்கு வேலை நிமித்தம் வரும் கொரியப் பொறியாளர் ஒருவர், நெடுஞ்சாலையோர மதுக்கடை ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் தம் நாட்டுக்குத் திரும்பி, "ஸ்ரீபெரும்புதூர் குடிகாரர்களின் ஊர்" என்று சொன்னால் நாம் ஏற்போமா? இராமாநுசர் பிறந்த ஊரை, அதிகாலைத் தொழுகைக்கு எழுந்து முதல் ஷிஃப்ட் பேருந்தைப் பிடிக்க ஓடும் மக்களை அவர் பார்க்கவில்லையே என்று வருந்துவோம். அதே நியாயத்தைப் புக்கெட் மக்களுக்கும் நாம் வழங்க வேண்டாமா?

அந்தத் தீவின் மக்களில் கணிசமானோர் முஸ்லிம்கள். பாங் தாவ் பகுதியில் பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. அருகிலுள்ள பாங் ஙா வளைகுடாவில், கடலுக்குள் தூண்கள் நட்டு அவற்றின்மேல் வீடுகள் எழுப்பி வாழும் பன்யீ என்னும் மீனவக் கிராமம் முழுக்க முஸ்லிம் கிராமமே. ஜாவாவிலிருந்து வந்த மீனவர்கள் அமைத்த ஊர் அது என்பது அவர்களின் மரபுவழிச் செய்தி. மண்ணே இல்லாத அந்த ஊரின் சிறுவர்கள், 1986 உலகக் கோப்பைக் கால்பந்தைப் பார்த்த ஆர்வத்தில், பழைய பலகைகளைச் சேர்த்து நீரில் மிதக்கும் விளையாட்டுத் திடல் ஒன்றைத் தாங்களே அமைத்தார்கள். படகுச் சுற்றுலாக்களோ ஜேம்ஸ் பாண்ட் படம் எடுத்த பாறைத்தீவைப் பெரிதாக விளம்பரப்படுத்தி, இவ்வூரை மதிய உணவுக்கான நிறுத்தமாக மட்டும் வைத்திருக்கின்றன. நம்மவர்களும் சாப்பிட்டுப் படம் எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அவ்வூர்ப் பள்ளிவாசலில் லுஹரைத் தொழுது, அங்குள்ள பெரியவர் ஒருவருக்கு ஸலாம் சொன்னால் அந்தப் பயணத்தின் பொருளே மாறிவிடும்.

தமிழராகவும் நமக்கு அங்கே ஓர் உறவு உண்டு. புக்கெட்டுக்கு வடக்கேயுள்ள தகுவாபாவில் 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அவனிநாரணம் என்னும் குளம் வெட்டப்பட்டதையும், மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினர் அதன் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்றதையும் அது கூறுகிறது. அவனிநாரணன் என்பது காஞ்சியிலிருந்து ஆண்ட மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயர். இன்று ஒரகடத்திலிருந்து கார்கள் கடல் கடந்து போகின்றன. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இதே காஞ்சி மன்னனின் பட்டப்பெயர் அந்தக் கரையில் ஒரு குளத்துக்குச் சூட்டப்பட்டிருந்தது. தண்ணீரைத் தந்துவிட்டு வந்த வணிகர்களின் வழியில் செல்லும் நாம், அங்கே எதை விட்டுவிட்டு வருகிறோம்?

பூமியில் பயணம் செய்து படைப்பின் தொடக்கத்தைக் கவனிக்குமாறு திருக்குர்ஆன் (29:20) ஏவுகிறது. பார்வையோடு சிந்தனையும் சேர்ந்ததே மார்க்கம் விரும்பும் பயணம். ஆகவே எதைப் பார்ப்பது என்பதில் நமக்குத் தேர்வு வேண்டும். யானைமீது சவாரி, புலியோடு படம் ஆகியவை அங்கே விற்கப்படுகின்றன. ஒரு பூனையைப் பட்டினியிட்ட பெண்ணின் கதியை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம், அந்தச் சீட்டை வாங்கலாகாது. மாயா விரிகுடாவையோ தாய்லாந்து அரசே 2018 முதல் 2022 தொடக்கம் வரை மூடி வைத்தது. பயணிகளின் நெரிசலால் சிதைந்த பவளப்பாறைகள் மீளட்டும் என்பதே நோக்கம். அமானிதத்தைக் காப்பது என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

வணக்கங்களிலும் தடையேதும் இல்லை. பயணிக்கு நான்கு ரக்அத் தொழுகைகளைச் சுருக்கித் தொழும் சலுகை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர் சேர்த்தும் தொழலாம். எத்தனை நாள் தங்கினால் சலுகை நீங்கும் என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளிடையே வேறுபாடு இருப்பதால், புறப்படுமுன் தம் இமாமிடம் கேட்டுக்கொள்வது நன்று. உணவுக்கு, தாய்லாந்தின் மத்திய இஸ்லாமியக் குழு வழங்கும் ஹலால் முத்திரையைப் பார்த்து வாங்கலாம்.

உண்மையான சிக்கல் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது, நிறுவனப் பயணத்தின் இரவு விருந்து. மதுவும் ஆட்டமும் உள்ள மேசையில் அமர மறுத்தால் மேலதிகாரி என்ன நினைப்பார், பதவி உயர்வு தள்ளிப்போகுமோ என்று நம் இளைஞர்கள் அஞ்சுகிறார்கள். பயணம் உறுதியாகும்போதே, "பகல் நிகழ்ச்சிகளில் முழுமையாகக் கலந்துகொள்வேன், மது உள்ள விருந்தில் இருக்க மாட்டேன், ஹலால் உணவு வேண்டும்" என்று மரியாதையாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். முன்கூட்டிச் சொல்லப்படும் கொள்கையைப் பெரும்பாலோர் மதிப்பார்கள். பயணம் முழுவதுமே அந்த விருந்தைச் சுற்றி அமைந்ததென்றால், போகாமல் இருப்பதே நல்லது. அதனால் இழக்கப்போவது சில படங்களை மட்டுமே.

இரண்டாவது, கடன். மாதத் தவணையில் உலகம் சுற்றலாம் என்னும் விளம்பரத்தின் பின்னே பெரும்பாலும் வட்டி இருக்கிறது. வீட்டு வாசலில் விட மறுத்த வட்டியை விடுமுறைக்காக உள்ளே அழைப்பது எப்படிப் பொருந்தும்? ஈராண்டு சேமித்துப் போகலாம். சேமிப்பு போதாதெனில் நாகூர், கீழக்கரை, காயல்பட்டினம் ஆகியவற்றின் கடற்கரைகளும் பழைய கல் பள்ளிவாசல்களும் நமக்காகக் காத்திருக்கின்றன.

கடைசியாக ஒன்று. இரவு ஷிஃப்ட் முடித்து வரும் கணவர் பகலில் உறங்குவதற்காகப் பிள்ளைகளைச் சத்தமின்றி வைத்துக்கொள்பவர் மனைவி. வாரக்கணக்கில் அத்தாவை விழித்த நிலையில் பார்க்காத பிள்ளைகள் இப்பகுதியில் உண்டு. இலக்கை எட்டிய உழைப்பில் அவர்களுக்கும் பங்கிருக்கிறது. பரிசு மட்டும் ஒருவருக்கே வருவது நிறுவனத்தின் கணக்கு. நம் கணக்கு அப்படி இருக்கலாகாது. புக்கெட்டோ காயலோ, அடுத்த பயணம் அவர்களோடு அமையட்டும்.

பார்க்கும் கண்ணையும் சிந்திக்கும் உள்ளத்தையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.