கம்ப்யூட்டருக்கும் பொருத்தம் பாருங்கள்!

கல்யாணம் என்றால் முதலில் பொருத்தம் பார்க்கிறோம். பொருந்தினால்தான் அடுத்த பேச்சு. ஆனால் கம்ப்யூட்டருக்குச் சாமான் வாங்கும்போது மட்டும் பொருத்தம் பார்ப்பதில்லை. கடைக்குப் போகிறோம். பணத்தைக் கொடுக்கிறோம். வீட்டுக்கு வந்த பிறகு தலையில் கை வைத்துக்கொள்கிறோம்!

எங்கள் தெருவில் ஒரு தையற்காரர் இருக்கிறார். அவருடைய மகன் கல்லூரியில் படிக்கிறான். கட்டடப் படங்களைக் கம்ப்யூட்டரில் வரையக் கற்று வருகிறான். வீட்டில் இருப்பதோ 2012-ல் வாங்கிய கம்ப்யூட்டர். படத்தைத் திருப்பினால் திக்கித் திணறுகிறது.

"அப்பா, கிராபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகிவிடும்" என்றான் பையன்.

திரையில் படத்தை உருவாக்கித் தருவதுதான் கிராபிக்ஸ் கார்டின் வேலை. பையன் சொன்னது நியாயம்தான். தந்தை சீட்டுப் பணத்தை எடுத்தார். பெரிய கார்டாகப் பார்த்து வாங்கினார்.

பெட்டியைத் திறந்தார்கள். கார்டு உள்ளே போகவில்லை! ஹார்டு டிஸ்க் வைக்கும் கூடு இடித்தது. கூட்டைக் கழற்றினார்கள். அப்புறம்தான் தெரிந்தது, கார்டுக்கு மின்சாரம் கொடுக்க வேண்டிய 8 ஊசி வயரே அந்தப் பெட்டியில் இல்லை என்பது.

கடைக்கு ஓடினார்கள். "பிரித்த சாமானைத் திரும்ப எடுப்பதில்லை, அண்ணே" என்று பதில் வந்தது.

கார்டு நல்ல கார்டுதான். கம்ப்யூட்டரும் நல்ல கம்ப்யூட்டர்தான். இரண்டுக்கும் பொருத்தம் இல்லை. அவ்வளவுதான்.

ஐந்து பொருத்தங்கள்

முதலாவது, இடம். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்ற நீளமான ஸ்லாட் மதர்போர்டில் இருக்க வேண்டும். 2004-க்குப் பிறகு வந்த மதர்போர்டுகளில் இது பரவியது. அதற்கு முந்தைய ஏ.ஜி.பி. ஸ்லாட்டில் இன்றைய கார்டு நுழையாது. ஸ்லாட் இருந்தாலும் போதாது. ஸ்கேல் வைத்துப் பெட்டியின் உள்நீளத்தை அளந்து கொள்ளுங்கள். கார்டின் நீளத்தைக் கம்பெனியே மில்லிமீட்டரில் கொடுத்திருக்கும். ஒல்லியான பெட்டி என்றால் உயரம் குறைந்த கார்டுதான் பொருந்தும்.

இரண்டாவது, மின்சாரம். ஸ்லாட் கொடுப்பது அதிகபட்சம் 75 வாட்ஸ். அதற்கு மேல் வேண்டுமென்றால் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி வயர் வர வேண்டும். 6 ஊசி வயர் 75 வாட்ஸ் தரும். 8 ஊசி வயர் 150 வாட்ஸ் தரும். ஒட்டு வயர் போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். சூடேறி உருகும் அபாயம் உண்டு. தனி வயரே கேட்காத கார்டுகளும் உண்டு. 2019-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 1650-ன் சில மாடல்கள் அப்படிப்பட்டவை.

மூன்றாவது, மானிட்டர். பழைய மானிட்டரில் 15 ஊசி உள்ள வி.ஜி.ஏ. வயர்தான் இருக்கும். புதிய கார்டுகளில் அந்த வாய் கிடையாது. எச்.டி.எம்.ஐ. அல்லது டிஸ்பிளே போர்ட்தான். மாற்றித் தரும் அடாப்டர் தனியாக வாங்க வேண்டும்.

நான்காவது, பயாஸ். கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் புரோகிராம் இது. மிகப் பழைய பயாஸுக்குப் புதிய கார்டை அடையாளம் தெரியாமல் போகலாம். மின்விசிறி சுற்றும்; திரையோ இருட்டாகவே இருக்கும்.

ஐந்தாவது, ஜோடி. கிழட்டு மாட்டையும் இளங்காளையையும் ஒரே வண்டியில் பூட்டினால் வண்டி எந்த வேகத்தில் போகும்? பழைய பிராசஸருடன் விலை உயர்ந்த கார்டைச் சேர்த்தாலும் அதே கதைதான். கணக்கும் கடிதமும் எழுதுகிற கம்ப்யூட்டருக்கோ தனிக் கார்டே தேவையில்லை.

என்ன செய்ய வேண்டும்?

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டியுள்ள சீட்டு, மதர்போர்டின் பெயர், ஸ்லாட் மூன்றையும் செல்போனில் படம் எடுங்கள். அந்தப் படங்களோடு கடைக்குப் போங்கள். இதற்குப் பத்து நிமிஷம் ஆகுமா? பல மாதச் சேமிப்பைக் காப்பாற்றும் பத்து நிமிஷம் அது!

கடைக்காரர்களுக்கும் கடமை உண்டு. "எந்த வருஷத்துக் கம்ப்யூட்டர்? எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட்ஸ்?" என்று இரண்டே கேள்வி கேட்டால் போதும். கேட்காமல் விற்பது வியாபாரம் ஆகலாம், நேர்மை ஆகாது. இன்று ஏமாந்தவர் நாளை அந்தக் கடைப் படி ஏறுவாரா?

தையற்காரர் வீட்டு அலமாரியில் அந்தக் கார்டு இன்னும் சும்மா கிடக்கிறது. அவர் சொன்னார்: "நாற்பது வருஷமாக அளவெடுக்காமல் ஒரு துணியைக்கூட நான் வெட்டியதில்லை. இதற்கு மட்டும் அளவெடுக்க மறந்துவிட்டேன்."

நாம் மறக்க வேண்டாம். முதலில் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறப்போம். பிறகு பணப்பெட்டியைத் திறப்போம்!