இடிந்தது யார் வீடு?
பின்நவீனத்துவம் குறித்துச் சில பேச்சுகள்



இந்த இதழிலிருந்து பின்நவீனத்துவம் பற்றித் தொடர்ந்து எழுதுவதென முடிவெடுத்தபோது ஆசிரியர் குழுவுக்குள்ளேயே முணுமுணுப்பு இருந்தது. 'கொடி ஏத்தினதுக்கு இன்னமும் வெட்டு விழுந்துக்கிட்டிருக்கு, நீங்க பிரெஞ்சுக்காரன் பேசினதைப் பேசப் போறீங்களா' என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தச் சொல் நாம் கூப்பிடாமலேயே நம் தெருவுக்குள் வந்து வெகுகாலமாகிறது. 'அடையாளம் என்பதே கற்பிதம், ஆகவே தலித் என்பதும் கற்பிதம்' என்று ஒருவர் மேடையில் முழங்குகிறார். 'இதெல்லாம் ஏகாதிபத்தியச் சதி' என்று இன்னொருவர் பதில் முழக்கம் செய்கிறார். நம்மை நடுவில் வைத்து நடக்கிற இந்தச் சண்டையை வாசலில் நின்று வேடிக்கை பார்க்க முடியாது. நான் பேராசிரியன் இல்லை. பகலில் வங்கிக் கவுண்டரில் பணம் எண்ணுகிறவன், ராத்திரியில் கவிதை எழுதுகிறவன். எனக்குப் பிடிபட்ட அளவில் சொல்கிறேன்.

நவீனத்துவம் தந்த வாக்குறுதியிலிருந்து தொடங்கலாம். பகுத்தறிவு வளரும், விஞ்ஞானம் வளரும், மனிதகுலம் படிப்படியாக விடுதலையடையும் என்று ஐரோப்பாவின் அறிவொளிக்காலம் நம்பியது. அந்த நம்பிக்கைக்குச் சிமெண்டால் ஓர் உருவம் கொடுத்தார்கள். அமெரிக்காவின் செயிண்ட் லூயி நகரில் ப்ரூயிட்-ஐகோ என்ற குடியிருப்பு 1950களின் நடுவில் எழுந்தது. பதினொரு மாடி, 33 கட்டடங்கள். வரைந்தவர் மினோரு யமசாகி. ஏழைகளுக்கு வெளிச்சமும் காற்றும் உள்ள வீடு, கணக்குப் போட்டுக் கட்டிய நல்வாழ்வு. 1972இல் அரசே வெடிவைத்து அதைத் தகர்க்கத் தொடங்கியது. 1977இல் சார்லஸ் ஜென்க்ஸ் என்ற விமர்சகர், நவீனக் கட்டடக்கலை 1972 ஜூலை 15 பிற்பகல் 3.32 மணிக்குச் செத்துப்போனது என்று எழுதினார். பின்நவீனத்துவ அறிமுக நூல்கள் பலவற்றிலும் இந்த வாசகம் வந்துவிடும்.

அந்த வீடுகளில் யார் இருந்தார்கள் என்பதைத் தேடினால்தான் நமக்கு வேண்டிய செய்தி கிடைக்கிறது. ப்ரூயிட் பகுதி கறுப்பர்களுக்கு, ஐகோ பகுதி வெள்ளையர்களுக்கு என்றுதான் முதலில் திட்டமிட்டார்கள். அங்கேயும் ஊரும் சேரியும்தான். 1954இல் பள்ளிகளில் இனப்பாகுபாடு செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின் குடியிருப்பிலும் அந்தக் கோடு அழிந்தது. வெள்ளையர் கிளம்பிப் போனார்கள். கறுப்பின ஏழைகள் மிஞ்சினார்கள். கட்டடம் கட்டக் காசு கொடுத்த அரசு, பராமரிப்பை மட்டும் வாடகையில் பார்த்துக்கொள் என்றது. வாடகை எங்கிருந்து வரும்? லிஃப்ட் நின்றது, குழாய் உடைந்தது. 1969இல் குடியிருந்தோர் வாடகை கொடுக்க மறுத்துப் போராடினார்கள். பிறகுதான் வெடி. கண்ணகி நகரையும் பெரும்பாக்கத்தையும் அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ஆக, ஒரு கலைப்பாணியின் மரணத்தை நிமிஷக் கணக்கில் குறித்துவைத்த எழுத்து, வீடிழந்த கறுப்பரைக் குறிக்க மறந்துவிட்டது. பின்நவீனத்துவத்தின் பிறப்புச் சான்றிதழிலேயே இந்த ஓட்டை இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மேலே போகவேண்டும்.

1979இல் லியோதார் 'பின்நவீன நிலை' என்ற நூலை எழுதினார். கனடாவின் கியூபெக் அரசுக்காக, அறிவின் நிலை குறித்துத் தயாரித்த அறிக்கை அது. பெருங்கதையாடல்கள் மீது நம்பிக்கை போய்விட்டது என்பது அதன் சாரம். வரலாறு முழுவதையும் ஒரே கயிற்றில் கோத்து, இதுதான் தொடக்கம், இதுதான் முடிவு, நடுவில் உன் இடம் இது என்று சொல்கிற கதைதான் பெருங்கதையாடல். பேராசிரியர்களுக்கு வேண்டுமானால் இது புதிதாக இருக்கலாம். நமக்கு இந்தச் சங்கதி பழையது. 'முதலில் சுதந்திரம், சாதியை அப்புறம் பார்ப்போம்' என்றது ஒரு கதை. 'வர்க்கம் ஒழிந்தால் சாதி தானே உதிரும்' என்றது இன்னொன்று. 'நாமெல்லாம் தமிழர், உள்ளே பிரிவு பேசாதே' என்றது மூன்றாவது. மூன்றிலும் நமக்குக் கொடுத்த வேலை காத்திருப்பது. 1936இல் லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டலம் அழைத்த மாநாட்டுக்கு அம்பேத்கர் எழுதிய உரை, சமதர்மிகளை நேருக்கு நேர் கேட்கிறது: இந்த நாட்டு ஏழைகள் தங்களுக்குள் ஏழை பணக்காரன் என்ற பிரிவைத் தவிர வேறு எதுவும் பார்ப்பதில்லையா? உரையைத் திருத்தச் சொன்னார்கள். அவர் மறுத்தார். மாநாடு ரத்தானது. அவரே சொந்தச் செலவில் அச்சிட்டார். லியோதாருக்கு அப்போது பன்னிரண்டு வயதுகூட நிரம்பவில்லை.

இதனால் பிரெஞ்சுக்காரர்களிடம் கற்க ஒன்றுமில்லை என்று சொல்ல வரவில்லை. அறிவும் அதிகாரமும் ஒன்றையொன்று பெற்றெடுக்கின்றன என்று ஃபூக்கோ காட்டியது நமக்கு நேரடியாகப் பயன்படுகிற கருவி. ஒருவனைப் பைத்தியம், குற்றவாளி, தீண்டத்தகாதவன் என்று பெயரிட்டு, பதிவேட்டில் ஏற்றி, அவனைப் பற்றி ஒரு சாஸ்திரமே உண்டாக்குகிற சொல்லாடலை அவர் வழியாகத் துலக்கமாகப் பார்க்கலாம். பெயர் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிற சமாச்சாரம் இல்லை. சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா போராடி, 1922இல் 'பறையர்', 'பஞ்சமர்' என்று அரசு ஆவணங்களில் இருந்ததை 'ஆதிதிராவிடர்' என்று மாற்றவைத்தார். ஒரு சொல்லை மாற்ற ஒரு சட்டமன்றமே கூடவேண்டியிருந்தது.

தெரிதாவின் கட்டுடைப்பும் அப்படித்தான். ஒளி/இருள், தூய்மை/தீட்டு என்ற இரட்டைகளில் மேலே இருப்பது கீழே இருப்பதைத் தள்ளிவைத்துத்தான் தன்னை நிறுவிக்கொள்கிறது. தள்ளிவைத்தது இல்லாமல் அதற்கு இருப்பே இல்லை. அக்ரகாரத்தின் சுத்தத்தைச் சேரியின் உழைப்பு சுமக்கிறது என்று வாசித்தால் தெரிதா எளிதாகப் புரிந்துவிடுவார். அல்ஜீரியாவில் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1942இல் யூதர் என்பதற்காகவே பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்ட பையன் அவர் என்பதையும் சேர்த்து வாசிக்கவேண்டும்.

இலக்கியத்துக்கு வரும்போதுதான் சிக்கல். ஆசிரியன் இறந்துவிட்டான் என்று ரொலான் பார்த் 1967இல் அறிவித்தார். பிரதியின் அர்த்தம் வாசகனிடம் இருக்கிறது என்றார். தமிழில் தமிழவன் 1982இல் அமைப்பியலை நூலாக எழுதி அறிமுகப்படுத்த, 90களில் 'நிறப்பிரிகை' பின்நவீனத்துவத்தையும் தலித் இலக்கியத்தையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தது. சும்மா சொல்லக்கூடாது, பெரிய காரியம் அது. ஆனால் அதே காலத்தில், 1992இல், பாமாவின் 'கருக்கு' வருகிறது. ஒரு தலித் பெண் தன் வாழ்க்கையைத் தன் மொழியில் எழுதிக் கொடுக்கிறார், அந்தச் சமயம் பார்த்து ஆசிரியர் செத்துவிட்டார் என்று சேதி வருகிறது! கறுப்பினச் சிந்தனையாளர் பெல் ஹூக்ஸ் 1990இல் இந்தச் சந்தேகத்தைத்தான் எழுப்பினார்: ஒடுக்கப்பட்டோர் முதன்முதலாகக் குரலெடுக்கும் நேரத்தில் தன்னிலை என்பதே இல்லை என்ற பேச்சு எப்படி வந்து சேர்கிறது? சந்தேகப்பட்டாலும் அவர் பின்நவீனத்துவத்தைத் தூக்கியெறியவில்லை. 'கறுப்பர் என்றால் இப்படித்தான்' என்று வார்த்துவைத்த அச்சை உடைக்க அது உதவும் என்றார்.

என் கவுண்டரில் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். கையெழுத்துப் போடத் தெரிந்தவர் ஒரு தாளை அனுப்பினால் போதும், பணம் வேறொருவர் கைக்குப் போய்விடும். கைநாட்டுக்காரர் பாஸ்புக்கோடு, ஒட்டிய போட்டோவோடு, அவரே நேரில் வந்து நிற்கவேண்டும். எழுதியதை அனுப்பிவிட்டு ஆள் இல்லாமல் போகிற சௌகரியம் கையெழுத்துக்காரனுக்குத்தான் உண்டு. ஆசிரியனின் மரணத்தைக் கொண்டாடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். இதே ஃபூக்கோ 1971இல் சிறைகள் பற்றித் தகவல் திரட்ட ஒரு குழு அமைத்தபோது, கைதிகளே பேசட்டும் என்றுதானே முயன்றார்?

'எல்லாமே கதையாடல்' என்ற இடத்திலும் நான் நின்றுவிடுகிறேன். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் எரிந்தது ஒரு கதையாடல், எரித்தவன் சொல்வது இன்னொரு கதையாடல் என்று சமமாக வைக்க என்னால் ஆகாது. கடைசியில் நீதிமன்றத்தில் எந்தக் கதை செல்லுபடியானது என்பது நமக்குத் தெரியும்.

இவ்வளவும் அடுத்தவர் பெருங்கதையாடல்களைப் பற்றி. நம்முடையது?

'தலித்' என்ற சொல்லும் பலரை ஒரே கயிற்றில் கோத்த சொல்தான். கோக்க வேண்டிய தேவை இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் அந்தக் கயிற்றில் யார் முன்னால், யார் கடைசியில்? மலக்குழிக்குள் இறங்குகிறவர்களில் பெரும்பகுதி யார்? தமிழ்நாட்டில் 2009இல் பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தபோது நம் ஆட்கள் சிலர் 'ஒற்றுமை குலையும்' என்றார்கள். அப்படி உட்பிரிவு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்ட் 1 அன்று தீர்ப்பளித்தபோதும் அதே குரல் கேட்டது. தீர்ப்பில் கிரீமிலேயர் பற்றிச் சில நீதிபதிகள் சொன்னதை நாம் எதிர்க்கத்தான் வேண்டும், அது வேறு. ஆனால் 'உள்ளே பிரிவு பேசாதே' என்ற வாக்கியத்தை நாம் எங்கே கேட்டோம்? காங்கிரசிடம், கம்யூனிஸ்டுகளிடம், தமிழ்த் தேசியரிடம் கேட்டோம். வித்தியாசம், பன்மை என்று இந்தப் பக்கங்களில் பிரமாதமாக எழுதிவிட்டு, ஓர் அருந்ததியத் தோழர் தன் வித்தியாசத்தைச் சொல்லும்போது முகம் சுளித்தால், லியோதாரைப் படித்து என்ன புண்ணியம்? தலித் பெண்கள் தனியே அமைப்பு வேண்டும் என்றபோதும் இதே சுளிப்புதான்.

நம்மையே பார்த்துச் சிரிக்கவும் நம்மிடம் ஆள் இருந்தார். ராஜ் கௌதமன் 2002இல் 'சிலுவைராஜ் சரித்திரம்' எழுதியபோது தன் வாழ்க்கையை வேறொரு பெயரில் நிறுத்தி, ஊரையும் கிறித்துவத்தையும் தன்னையும் சேர்த்தே கிண்டல் செய்தார். வீரப் புராணமாக எழுதியிருக்கலாம், எழுதவில்லை. பின்நவீன நாவலுக்கு இலக்கணம் தேடுகிறவர்கள் போர்ஹேவுக்குப் போகிற வழியில் புதுப்பட்டியில் இறங்கிக்கொள்ளலாம்.

இந்த இதழில் லியோதார் பற்றிய அறிமுகம் இருக்கிறது. அடுத்த இதழில் கட்டுடைப்பு. மூன்றாவது இதழை அருந்ததியத் தோழர்களே தொகுத்துத் தரவேண்டும் என்று ஆசிரியர் குழுவில் கேட்டேன். கொஞ்சம் சத்தம் போட்டுப் பேசிய பிறகு ஒப்புக்கொண்டார்கள். எதைப் போடுவது, எதை விடுவது, எங்களை எவ்வளவு திட்டுவது என்பதெல்லாம் தொகுப்பவர்கள் முடிவு. கட்டுரை, கதை, கவிதை எதுவானாலும் கையால் எழுதியே அனுப்பலாம். எழுதப் பழக்கமில்லாதவர்கள் சொன்னால், நேரில் வந்து பதிவுசெய்து, படித்துக் காட்டிய பிறகே, அவர்கள் பெயரிலேயே அச்சிடுவோம்.