தன்னிறைவு என்பது தனித்திருப்பதா?

“சொந்தக் காலில் நில்!” என்னும் அறிவுரை நம் செவியில் விழாத நாளே இல்லை எனலாம். வகுப்பறையில் கேட்கிறோம், ஆண்டு விழா மேடையில் கேட்கிறோம், வீட்டிலோ, வேறெதிலும் ஒத்துப்போகாத அத்தையும் சித்தப்பாவும் இந்த ஒன்றில் மட்டும் ஒத்துப்போகிறார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் பிறர் தயவே இன்றி வாழ்ந்தவர் எவரேனும் உண்டா என்று நாம் சற்றே ஆராய்ந்து பார்ப்பது நலம்.

பழங்காலக் கிரேக்கர் தன்னிறைவை ‘ஔதார்கேயா’ என்றனர். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தியோஜெனிஸ் என்னும் ஞானி இதில் தீவிரவாதி. ஒரு சிறுவன் கைகளைக் குவித்துத் தண்ணீர் அருந்துவதைக் கண்டு, தம்மிடம் இருந்த ஒரே கிண்ணத்தையும் அவர் எறிந்துவிட்டதாகக் கதை உண்டு. எத்துணை உயர்ந்த துறவு என்று வியக்கிறோம். ஆனால் அதே தியோஜெனிஸ் வயிற்றுக்கு என்ன செய்தார்? பிச்சை எடுத்தார்! கிண்ணம் வேண்டாதவருக்கும் சோறு வேண்டியிருந்தது. அந்தச் சோற்றுக்கு ஊரில் எவரோ உழவேண்டியிருந்தது, எவளோ உலை வைக்கவேண்டியிருந்தது. அவளுடைய பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை.

அரிஸ்டாட்டில் இதில் நிதானமானவர். தன்னிறைவு என்று தாம் கூறுவது ஒண்டியாக வாழும் ஒருவனுக்குரியதன்று. பெற்றோர், மனைவி மக்கள், நண்பர், ஊரார் அனைவரோடும் வாழ்பவனுக்குரியது என்று அவர் தெளிவாகவே எழுதினார். வீடும் சிற்றூரும் தனித்தனியே அடைய முடியாத தன்னிறைவை நகரமே அடைகிறது என்பது அவர் கருத்து. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அந்த நகரத்தில் அவர் தந்த இடத்தை நம்மால் ஏற்க இயலாது. எனினும் இந்த ஒரு கருத்தில் அவர் பக்கமே நாம் நிற்கிறோம்.

சமயத்துக்கு வருவோம். புனித சின்னப்பர் பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தின் 4ஆம் அதிகாரத்தில், எந்த நிலையிலும் மனநிறைவோடிருக்கத் தாம் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். அங்கே மூலத்தில் அவர் கையாளும் சொல் கிரேக்க ஞானிகளின் அதே தன்னிறைவுச் சொல்தான். சுவையான செய்தி என்னவெனில், அந்தப் பகுதியே பிலிப்பியர் அனுப்பிவைத்த உதவிக்கு நன்றி கூறும் பகுதி! சிறையிலிருக்கும் ஒருவர், ‘எனக்குக் குறையில்லை’ என்கிறார். அதே மூச்சில், ‘நீங்கள் என் துன்பத்தில் பங்குகொண்டது நன்று’ என்றும் சொல்கிறார். இரண்டும் முரண் என்று சிலர் கருதலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. பெற்றுக்கொள்வதில் நாணமின்மையும், பெறாவிட்டால் உடைந்துபோகாமையும் ஒரே உள்ளத்தில் குடியிருக்கலாம் அன்றோ?

6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்கிலும் இதையொத்த ஒன்றைக் காண்கிறோம். தண்ணீர், மாவு அரைக்கும் ஆலை, தோட்டம், கைத்தொழில்கள் யாவும் மடத்துக்குள்ளேயே அமைய வேண்டும் என்று அதன் 66ஆம் அதிகாரம் கூறுகிறது. ஆனால் அந்த அதிகாரத்தின் தலைப்பு தன்னிறைவு பற்றியதன்று, வாயிற்காப்போர் பற்றியது. கதவு தட்டுகிறவருக்கும் கூப்பிடுகிற ஏழைக்கும் உடனே பதில் கொடுக்க வாயிலில் முதிர்ந்த ஒருவர் இருக்க வேண்டும் என்றுதான் அது தொடங்குகிறது.

நாட்டின் கதையும் இத்தகையதே. 1965, 1966ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்தது. 1966இல் மட்டும் ஏறத்தாழ 1 கோடி டன் தானியம் வெளிநாட்டிலிருந்து வந்தது. பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. வாரத்தில் ஒரு வேளை உணவை விட்டுவிடுமாறு பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி மக்களை வேண்டிய காலம் அது. கப்பல் தாமதித்தால் பசி என்னும் நிலையில், உதவி செய்த நாட்டின் முகக்குறிப்பையும் பார்க்க வேண்டியிருந்தது. இந்த அவமானத்தை நீக்க முனைந்தவர்களுள் இருவர் தமிழர்: அமைச்சர் சி. சுப்பிரமணியம், கும்பகோணத்தில் பிறந்த அறிவியலார் எம். எஸ். சுவாமிநாதன். 1966இல் 18,000 டன் விதைக் கோதுமை மெக்சிகோவிலிருந்து வரவழைக்கப்பட்டது. 1968 அறுவடை அதுவரை இந்தியா கண்டிராத அளவினதாயிற்று.

அந்தக் குட்டைக் கோதுமையின் பிறப்பைப் பாருங்கள். அதன் மூதாதை ‘நோரின் 10’ என்னும் ஜப்பானிய இரகம்; அது போருக்குப்பின் அமெரிக்கா சென்றது; நார்மன் போர்லாக் அதன் வழித்தோன்றல்களை மெக்சிகோவில் பிற இரகங்களோடு கலந்து வளர்த்தார்; பஞ்சாப் உழவர் விதைத்தனர். ஆக, நம் உணவுத் தன்னிறைவு மூன்று நாடுகளைச் சுற்றி வந்து நம் வயலில் முளைத்தது! இன்றும் பொட்டாஷ் உரத்துக்கு நாம் பிற நாடுகளையே நம்பியிருக்கிறோம். சமையல் எண்ணெயில் பாதிக்குமேல் கப்பலில் வருகிறது. பஞ்சாபிலோ நிலத்தடி நீர் ஆண்டுக்காண்டு கீழே போகிறது. தானியத்தில் பெற்ற நிறைவுக்குத் தண்ணீரில் விலை கொடுத்தோம். தஞ்சையில் பிறந்த கிறிஸ்தவரான ஜே. சி. குமரப்பா இயற்கையின் முதலையே தின்றுவிடும் பொருளாதாரம் நிலைக்காது என்று 1945லேயே ஒரு நூல் எழுதி எச்சரித்தவர். அவரைப் பாடப்புத்தகங்கள் இன்னும் சற்றுத் தாராளமாக நினைவுகூரலாம்.

இனி நம் சொந்த வாழ்வு. யார் கையையும் எதிர்பாராதவர் என்று பெயரெடுத்த பெரியவர்கள் பல வீடுகளில் உண்டு. காலையில் காப்பி வருகிறது, சட்டை தேய்த்து வருகிறது, பொத்தான் தானாகவே தைக்கப்பட்டுவிடுகிறது. இதெல்லாம் கணக்கில் வராத உழைப்பு. ஆகவே பெண்ணுக்குத் தையலும் சமையலும் கற்றுத் தருவதைத் தன்னிறைவு என்றால், அதே பாடத்தை அண்ணன் தம்பியருக்கும் வைக்க வேண்டும் என்பது எம் துணிபு.

அத்துடன், வேலையும் சம்பளமும் மட்டுமே பெண்ணைச் சொந்தக் காலில் நிறுத்திவிடா. காலுக்கு அடியில் நிலமும் வேண்டும். திருவிதாங்கூரின் 1916ஆம் ஆண்டுச் சட்டப்படி, உயில் எழுதாமல் தந்தை இறந்தால் கிறிஸ்தவ மகளுக்குக் கிடைத்தது மகன் பங்கில் கால்பகுதி அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. கோட்டயத்தைச் சேர்ந்த ஆசிரியை மேரி ராய் வழக்குத் தொடுத்தார்; 1986இல் உச்ச நீதிமன்றம் மகளுக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. தமிழகம் 1989இல் இந்துக் குடும்பப் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை தந்தது. 2005இல் அது நாடு முழுவதற்கும் ஆயிற்று.

சட்டம் இருக்கிறது. ஆயினும் தங்கை திருமணமாகிப் போன சில மாதங்களில், ‘உனக்குத்தான் நகை போட்டாயிற்றே’ என்று சொல்லி, அண்ணன் பெயருக்கு விடுதலைப் பத்திரத்தில் அவளிடம் கையெழுத்து வாங்குவது நம் ஊர்களில் இன்னும் நடக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அவளை அழைத்துப் போகிறவர், பெரும்பாலும், சொந்தக் காலில் நிற்கும்படி அவளுக்கு அறிவுரை சொன்ன அதே சித்தப்பாதான்.