ஆள் எடுக்கிறான் சரி, எந்த வாசலில்?

"வேலை இல்லேன்னு எவன் சொன்னது? காலனிப் பசங்களுக்கு உடம்பு வளையல. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போய்ப் பாரு, பஸ்சு வச்சு ஆள் அள்ளிக்கிட்டுப் போறான்."

டீக்கடையில் ஊர்த்தெருக்காரன் இப்படிப் பேசுகிறான். இதையே பேப்பர்க்காரன் நல்ல தமிழில் எழுதுகிறான். மந்திரிமார்கள் மேடையில் கோடிக் கணக்கோடு சொல்கிறார்கள். நம் பிள்ளைகளில் சிலரும் இதை நம்பி, தப்பெல்லாம் தங்கள் மேல்தான் என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆள் எடுப்பது பொய்யில்லை. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் காருக்கும் செல்போனுக்கும் எடுக்கிறான். ஓசூரில் எலக்ட்ரானிக்சுக்கு எடுக்கிறான். செய்யாறிலும் பெரம்பலூரிலும் ஷூ தைக்க நம் பெண் பிள்ளைகளை எடுக்கிறான். எல்லாம் சரி. யாரை எந்த வாசல் வழியாக எடுக்கிறான், உள்ளே எந்த மூலையில் நிறுத்துகிறான், எத்தனை மாசம் வைத்திருக்கிறான்? இதைக் கேட்டால் மட்டும் ஏன் எல்லாருக்கும் வாய் அடைத்துப் போகிறது?

ஆள் எடுப்பு நமக்குப் புதுசா? இலங்கைத் தேயிலைக்கும் மலாயா ரப்பருக்கும் எடுத்தான். கங்காணி தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கிக்கொண்டு நம் பாட்டன் பாட்டிகளைக் கப்பலில் ஏற்றினான். கோலார் தங்கவயலுக்கு எடுத்தான். வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து போன சனம் பாதாளத்தில் இறங்கித் தங்கம் தோண்டியது. 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினான். தங்கம் போன இடம் தெரியும். தோண்டியவன் பிள்ளைகள் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலிக்குப் போகிறார்கள்.

பம்பாய் பஞ்சாலைகளிலும் ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்தார்கள். தீண்டப்படாதவர்களையும் எடுத்தார்கள். ஆனால் கூலி அதிகம் கிடைக்கிற நெசவுப் பகுதிக்குள் மட்டும் அவர்களை விடவில்லை. காரணம் என்ன தெரியுமா? நூலை வாயில் வைத்து இழுக்க வேண்டிய வேலை அது. நம் எச்சில் பட்ட நூலைச் சாதி இந்துத் தொழிலாளி தொட மாட்டானாம்! 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத்தான் எழுப்பினார். முதலாளியிடம் உரிமை கேட்கப் போகிறவர்களே, முதலில் இந்தக் கதவைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள் என்றார். செங்கொடி பிடித்தவர்களுக்கே அது கசந்தது.

இன்றைக்கு வாயில் நூல் வைக்கிற வேலை இல்லை. எச்சில் தீட்டு மட்டும் வேறு வேஷத்தில் இருக்கிறது.

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்தவன். இருபது வருசமாக இந்தச் சாலைகளில் ஏறி இறங்கியவன். ஒரு கம்பெனி, பேர் வேண்டாம், எல்லாம் ஒரே மாதிரிதான். கேட்டில் கம்பெனிக்காரன் இல்லை, கான்ட்ராக்டரோட ஆள் நிற்கிறான். சர்ட்டிபிகேட்டைப் பிரிப்பதற்கு முன்னாடியே கேட்டான், "எந்த ஊரு?" சொன்னேன். "ஊருக்குள்ளயா, காலனியா?" சொன்னேன். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த ஊர்த்தெருப் பையன் அசெம்பிளி லைனுக்குப் போனான். எனக்கு ஸ்கிராப் யார்டு. அவன் மார்க் என்னைவிடக் குறைச்சல். மூணு மாசம் கழிச்சு சூப்பர்வைசர் அவனைக் கூப்பிட்டு, "உங்க ஊர்ல இன்னும் பத்துப் பசங்க இருந்தா கூட்டிக்கிட்டு வா" என்றான். என்னிடமும் ஒருநாள் வந்து கேட்டான். "உங்க காலனியில கக்கூஸ் கழுவப் பொம்பளைங்க யாராச்சும் வருவாங்களா?"

இதுதான் ஆள் எடுப்பின் ரகசியம். போர்டு வைத்து எடுப்பது கொஞ்சம், சொல்லி வைத்து எடுப்பது அதிகம். மாமன் மச்சானைக் கூப்பிடுவான், மச்சான் பங்காளியைக் கூப்பிடுவான். இதற்கு இங்கிலீஷில் 'ரெஃபரன்ஸ்' என்று பேர். தமிழில் சாதி என்று பேர்.

"தகுதி, திறமை இருந்தா யார் தடுக்கப் போறா?" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் ஒரு சோதனை செய்து 2007-ல் வெளியிட்டார்கள். பேப்பரில் வந்த தனியார் கம்பெனி வேலை விளம்பரங்களுக்கு ஒரே படிப்பு, ஒரே தகுதி போட்டு விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். பேர் மட்டும் வேறு. ஒன்றில் உயர்சாதிப் பேர், ஒன்றில் தலித் பேர், ஒன்றில் முஸ்லிம் பேர். உயர்சாதிப் பேருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு 100 என்றால் தலித் பேருக்கு 67, முஸ்லிம் பேருக்கு 33. அங்கே நேரில் யாரும் போகவில்லை. முகம் தெரியாது, நிறம் தெரியாது. வெறும் பேர்! இதுதானய்யா உங்கள் தகுதி, திறமை.

"தனியார் கம்பெனியில இடஒதுக்கீடு கேக்க முடியாது, சட்டத்துல இடமில்ல" என்று அடுத்த பேச்சு வரும். இடம் இருக்கிறது. 1961-ஆம் வருசத்துத் தொழிற்பழகுநர் சட்டத்தில், அதுதான் அப்ரண்டிஸ் சட்டம், 1973-ல் 3ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். பயிற்சி இடங்களில் எஸ்.சி., எஸ்.டி.க்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று முதலாளிக்கு அது சொல்கிறது. அந்தச் சட்டம் தனியார் முதலாளிக்கும் சேர்த்துத்தான். ஐம்பது வருசமாக இருக்கிற சட்டம். எத்தனை பேருக்குத் தெரியும்? எந்தக் கம்பெனி கேட்டில் எழுதி ஒட்டியிருக்கிறது?

அதே சட்டத்தின் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். பழகுநர் தொழிலாளி ஆகமாட்டார் என்கிறது. பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுப்பது கம்பெனி தன் கொள்கைப்படி முடிவு செய்துகொள்ள வேண்டியது என்கிறது 2014 திருத்தம். அதாவது, உதவித்தொகைக்கு உழைக்கும்வரை இடஒதுக்கீடு உண்டு, சம்பளம் என்று வந்தால் கிடையாது! 1959-ல் வேலைவாய்ப்பு அலுவலகச் சட்டம் போட்டார்கள். காலியிடத்தை முதலாளி அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும், அங்கே பதிந்தவர்களைத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை என்று அதிலேயே எழுதிவைத்தார்கள். 2025 நவம்பர் 21 முதல் அதற்குப் பதிலாக வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அந்த ஓட்டை அப்படியே இருக்கிறது. நம் அண்ணன்மார்கள் பதிவைப் புதுப்பித்துப் புதுப்பித்தே தலை நரைத்துப் போனார்கள்.

உள்ளூர்க்காரனுக்கு 75 விழுக்காடு வேண்டும் என்று 2019-ல் ஆந்திராவும் 2020-ல் ஹரியானாவும் தனியார் கம்பெனிகளுக்கே சட்டம் போட்டன. ஹரியானா சட்டத்தை 2023-ல் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது, அது வேறு கதை. போட மனசு வந்ததா இல்லையா? மண்ணின் மைந்தன் என்றால் வரும் மனசு, சேரியின் மைந்தன் என்றால் ஏன் வரவில்லை?

அரசாங்க வேலையாவது மிஞ்சியதா? தமிழ்நாட்டில் 69 விழுக்காட்டில் நமக்கு 18, அதில் 2009 முதல் அருந்ததியருக்கு உள்ஒதுக்கீடாக 3. காகிதத்தில் அப்படியே இருக்கிறது. வேலையைத்தான் கான்ட்ராக்டில் விட்டுவிட்டார்களே, ஒதுக்கீட்டை எதில் தேடுவது? ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து 2025 ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். அதில் ரொம்பப் பேர் நம் அக்காள்கள், அம்மாக்கள். ஆகஸ்ட் 13 ராத்திரி போலீசை விட்டு அப்புறப்படுத்தினார்கள். சமூகநீதி பேசும் மண்ணில், விளக்குமாற்றுக்குக்கூட நிரந்தரம் கேட்கக் கூடாதாம்!

சிப்காட்டுக்கு நிலம் எடுத்தபோது நடந்ததையும் மறக்க வேண்டாம். நஷ்டஈடு பட்டாவைத் தேடி வந்தது. பட்டா ஊர்த்தெருவில் இருந்தது. அந்த நிலத்தில் நாத்து நட்ட நம் சனத்துக்குக் கூலி போனதுதான் மிச்சம். அரசாங்க நிலம், அரசாங்க ரோடு, வரிச் சலுகை எல்லாம் வாங்கும்போது கம்பெனி தனியார் இல்லை. வேலை கொடுக்கும்போது மட்டும் தனியாரா?

தம்பி, தங்கச்சி, வேலைக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. போ. காலனியில் சுயமரியாதையோடு அடுப்பெரிய அந்தச் சம்பளம் வேண்டும். ஆனால் கேட்டுவிட்டுப் போ. நியமனக் கடிதம் எங்கே என்று கேள். எல்லாத் தொழிலாளிக்கும் அது கொடுத்தாக வேண்டும் என்று இப்போது சட்டமே இருக்கிறது. கடிதத்தில் யார் பேர், கம்பெனியா கான்ட்ராக்டரா என்று பார். பி.எஃப்., இ.எஸ்.ஐ. நம்பர் கேள். அப்ரண்டிஸ் என்றால் 3ஏ பிரிவைச் சொல்லிக் கேள். நீ உள்ளே போய்விட்டால் உன் காலனியிலிருந்து பத்துப் பேரை இழு. அவனுக்கு அது 'ரெஃபரன்ஸ்' என்றால் நமக்கும் அது 'ரெஃபரன்ஸ்'தான்.

இயக்கங்களுக்கும் சொல்கிறேன். சிலைக்கு மாலை போடுவதோடு நின்றால் போதாது. அரசிடம் சலுகை வாங்கும் ஒவ்வொரு கம்பெனியும் எந்தப் பிரிவில், எந்தச் சம்பளத்தில், எந்தச் சாதி ஆட்களை வைத்திருக்கிறது என்று கணக்குக் காட்ட வேண்டும். கான்ட்ராக்ட் வேலைக்கும் இடஒதுக்கீடு வேண்டும். தனியார் துறை இடஒதுக்கீட்டுக்குத் தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டுவர வேண்டும். 69-ஐக் காப்பாற்ற 1994-ல் அரசியல் சட்டத்தையே திருத்த வைத்த மாநிலம் இது. முடியாது என்று எவனும் கதை விட வேண்டாம்.

ஓட்டுக் கேட்டு சேரிக்குள் நுழைகிறவனிடம் ரோடும் விளக்கும் அப்புறம் கேட்போம். முதலில் அந்தக் கணக்கைக் கேட்போம்.