கராஜுக்கும் ஒரு துண்டு நிலம் வேண்டும்

ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை என்று எந்தப் பக்கம் போனாலும், தேயிலை மலைக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் நாலு கம்பும் ஒரு தகரக்கூரையுமாக ஆட்டோ கராஜ்கள் நிற்கின்றன. உள்ளே ஸ்பெனர் பிடிப்பவர்கள் பெரும்பாலும் எமது லயங்களில் பிறந்த பிள்ளைகள். சாதாரண தரத்தோடு படிப்பை விட்டு, கொழும்பிலோ கண்டியிலோ ஒரு பாஸிடம் ஐந்தாறு வருடம் தொழில் பழகித் திரும்பி வந்தவர்கள். நாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளும் அவர்களில் இருக்கிறார்கள். கணக்கில் கெட்டிக்காரர்களாக இல்லாதவர்கள் கூட, இஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுகிறார்கள்.

"இது முதலாளிமார் விசயம், சங்கத்துக்கு இதில் என்ன?" என்று சில தோட்டக் கமிட்டிகளில் கேட்கிறார்கள். அந்த முதலாளியின் கம்பிரசர் வாங்க அடகு போனது யாருடைய தோடு? மலையில் கொழுந்து எடுத்து, மாதாமாதம் சங்கத்துக்குச் சந்தா கட்டும் அவருடைய அம்மாவின் தோடு. ஆகவே இது சங்கத்தின் விசயந்தான்.

இந்தக் கராஜ்கள் வளராததற்கு வேலை இல்லாதது காரணமல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடையில் ஐந்து வருடம் பழைய வண்டியைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர யாருக்கும் வழியில்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகங்களின் விலையும் ஏறியது. வண்டிகள் பெட்ரோல் வரிசையில் கிடந்தன. அந்த மாதங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அது கராஜ்காரனுக்கு அறுவடைக் காலம். உறுதியுள்ள இடத்தில் இருந்தவர்கள் தளம் போட்டார்கள், லிப்ட் பூட்டினார்கள். எமது பிள்ளைகள் இன்னும் தகரத்துக்கு அடியில்தான் படுத்து வேலை செய்கிறார்கள்.

காரணம் நிலம். தோட்டக் காணி அரசாங்கத்துடையது. 1992இலிருந்து நிர்வாகம் கம்பனிகளின் கையில், குத்தகை 2045 வரை. இதில் கராஜ்காரனுக்கு எந்தக் காகிதமும் இல்லை. வியாபாரப் பெயரைப் பதியப் பிரதேச செயலகத்துக்குப் போனால் இடத்தின் உறுதியைக் கேட்பார்கள், அல்லது வாடகை ஒப்பந்தத்தைக் கேட்பார்கள். இரண்டும் இல்லையென்றால் தோட்ட நிர்வாகத்தின் கடிதம். துரை நல்லவராக இருந்தால் "செய்துகொள், பிரச்சினை இல்லை" என்று வாயால் சொல்வார், எழுதித் தரமாட்டார். துரை மாறினால் அந்த வாய்ச்சொல்லும் மாறிவிடும்.

பதிவு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை எமது அங்கத்தவர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். பெயருள்ள பில் புத்தகம் இல்லை. ஆகவே காப்புறுதி வேலை வராது, அரசாங்க வாகனம் வராது. கராஜைத் தாண்டித்தான் தோட்டத்து லொறியே டவுனுக்குப் போய்த் திருத்திக்கொண்டு வருகிறது. வங்கி கடன் தராது. மிஞ்சுவது நகை அடகும் நாள் வட்டியும். மின் இணைப்புக்கும் நிர்வாகத்தின் சம்மதம் கேட்கப்படுவதால் லயத்திலிருந்து வயர் இழுத்து வெல்டிங் செய்கிறார்கள். அது எவ்வளவு ஆபத்தென்று சொல்லத் தேவையில்லை.

கழிவெண்ணெய் பற்றிய முறைப்பாடு நியாயமானது. கறுப்பு எண்ணெய் கானில் ஓடி, கீழே பீலித் தண்ணீரில் கலந்தால் குடிப்பது எமது மக்கள்தான். ஆனால் சீமெந்துத் தளமும் எண்ணெய் தங்கும் குழியும் கட்ட வேண்டுமென்றால் நிரந்தரக் கட்டடம் வேண்டும். நிரந்தரமாக எதையும் கட்டக்கூடாது என்பது நிர்வாகத்தின் உத்தரவு. குழி இல்லாமல் சுற்றாடல் அனுமதி இல்லை. அனுமதி இல்லாமல் பிரதேச சபையின் வியாபார அனுமதிப்பத்திரமும் இல்லை. இந்த முடிச்சை ஒரு தனி ஆள் எப்படி அவிழ்ப்பான்?

பிரதேச சபைகள் இனித் தட்டிக்கழிக்க முடியாது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. அது 2018இல் திருத்தப்பட்டாயிற்று. நாலைந்து கராஜ்கள் சேர்ந்து இயங்க, தளமும் எண்ணெய்க் குழியும் உள்ள ஒரு பொது இடத்தைச் சபை அமைத்துக் கொடுக்கலாம். எமது வாக்குகளால் தெரிவான உறுப்பினர்களிடம் இதைக் கேட்க வேண்டும்.

"வீட்டுக்கு 7 பேர்ச்சஸ், 10 பேர்ச்சஸ் என்று காணி தருகிறார்களே, அங்கே போடட்டும்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுத் திட்டங்கள் பலவும் சரிவில், உள்ளே தள்ளி இருக்கின்றன. பழுதான வண்டி அங்கே ஏறாது. கராஜுக்கு ரோட்டோரம் வேண்டும். தேயிலை இல்லாத ரோட்டோரத் துண்டுகள் எத்தனையோ தோட்டங்களில் சும்மா கிடக்கின்றன. அவற்றுக்கு எழுத்தில், பல வருடத் தவணையில் அனுமதி தரும்படி கம்பனிகளுடனான அடுத்த பேச்சில் நாம் கேட்க வேண்டும்.

கராஜில் கையாளாக நிற்கும் பையனையும் மறக்கக்கூடாது. ஒரே ஒரு ஆளை வைத்திருந்தாலும் சேமலாப நிதி கட்ட வேண்டும்: தொழிலாளியிடமிருந்து 8 வீதம், முதலாளியிடமிருந்து 12 வீதம். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னும் 3. கிரைண்டர் பொறி கண்ணில் பட்டால் நட்டஈடு பெறவும் அவனுக்கு உரிமை உண்டு. பதிவில்லாத கராஜில் இது எதுவும் நடப்பதில்லை. எங்கள் பிள்ளைதானே முதலாளி என்பதற்காக அதை விட்டுக்கொடுக்க முடியாது. பதிவு கிடைத்த மறுமாதமே நிதியும் கட்டப்பட வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு. கையில் தொழில் இருந்து சான்றிதழ் இல்லாதவர்கள், முன்அனுபவத்தைப் பரிசோதித்து வழங்கும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். பரீட்சகர் தமிழில் கேள்வி கேட்க வேண்டும் என்று சங்கம் வற்புறுத்தும்.

அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு வரும் தோட்டத் தலைவர்கள், தங்கள் டிவிசனில் எத்தனை கராஜ்கள் இருக்கின்றன, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், கையில் கடிதம் உள்ளவர் எத்தனை பேர் என்று எழுதிக்கொண்டு வரவும். ஏதாவது கராஜை அகற்றும்படி நிர்வாகம் சொல்லியிருந்தால் கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். உடனே கிளைக் காரியாலயத்துக்கு அறிவிக்கவும்.